கன்ஜி எழுத்துகளைக் கதை கட்டி நினைவில் வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனி, ஞாயிறு மாலைகளில் அசோக் நகரில் ஒரு மொட்டைமாடி அறையில் ஜப்பானிய மொழி கற்பித்து வருகிறேன். வருபவர்களில் ஒரு பாதி ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத் தொழிற்சாலைகளில் பணியாற்றும் பொறியாளர்கள். மறுபாதி பழைய மகாபலிபுரம் சாலையில் மென்பொருள் எழுதுபவர்கள். ஒவ்வொரு புதிய வகுப்பிலும் மூன்றாவது வாரம் வந்தால் அதே சந்தேகங்கள் எழுகின்றன. ஆகையால் கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைத் தொகுத்து விடை எழுதி வைத்திருக்கிறேன். எழுத்துகளை இங்கே வரையவில்லை, அவற்றின் உறுப்புகளைச் சொல்லால் விவரித்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு நோட்டும் அகராதியும் வைத்துக்கொண்டு தாமே வரைந்து பார்ப்பவருக்கு இது கூடுதலாகப் பயன்படும்.

கன்ஜின்னா என்ன மேடம்? நாம குடிக்கிற கஞ்சிக்கும் அதுக்கும் சம்பந்தம் உண்டா?

இல்லை. ஆனால் இந்தக் கேள்வி வராத வகுப்பும் இல்லை. 'கன்' என்பது சீனத்தின் ஹான் மரபையும் 'ஜி' என்பது எழுத்தையும் குறிக்கின்றன. ஜப்பானிய மொழி மூன்று வகை எழுத்துகளைக் கலந்து எழுதப்படுகிறது. ஹிரகானா, கதகானா இரண்டிலும் தலா 46 அடிப்படை எழுத்துகள் உண்டு. அவை நம் எழுத்துகளைப் போல ஒலியை மட்டும் காட்டுபவை. அவற்றின் 'அ, க, ச, த, ந' வரிசைகூட பௌத்தத் துறவிகள் வழியாகப் போன வடமொழி எழுத்து முறையின் சாயல் கொண்டது என்பதால், தமிழர்களுக்கு அது இரண்டு வாரத்தில் படிந்துவிடும். மூன்றாவது வகையான கன்ஜி, ஒலியோடு பொருளையும் சுமந்து வருவது. கதை தேவைப்படுவது அங்கேதான்.

மொத்தம் எத்தனை எழுத்து? ரெண்டாயிரமா? அதை எப்படி மனப்பாடம் பண்றது?

அன்றாடப் பயன்பாட்டுக்கென ஜப்பான் அரசு 1981இல் வெளியிட்ட பட்டியலில் 1945 எழுத்துகள் இருந்தன. 2010இல் அது திருத்தப்பட்டு 2136 ஆனது. ஆனால் இவை 2136 தனித்தனி ஓவியங்களாக இருப்பதில்லை. மரம், நீர், வாய், கை, பெண், கூரை என்று சில உறுப்புகளே திரும்பத் திரும்பச் சேர்ந்து புதிய எழுத்துகளாகின்றன. 1716இல் சீனத்தில் முடிக்கப்பட்ட காங்சி அகராதி, தன்னில் உள்ள பல்லாயிரம் எழுத்துகளையும் 214 தலைப்புறுப்புகளுக்குள் அடக்கியது. மனிதன் மரத்தடியில் சாய்ந்திருந்தால் 'ஓய்வு'. சூரியனும் நிலவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் 'வெளிச்சம்'. இரண்டு மரம் தோப்பு, மூன்று மரம் காடு. உறுப்புகளுக்குள் ஓர் உறவைச் சொல்லி, அந்த உறவின் முடிவில் பொருளை நிறுத்தும் ஒரு வரியைத்தான் கதை என்கிறோம்.

இது நமக்குப் புதிய வித்தை இல்லை. ஆத்திசூடி 'அறம் செய விரும்பு, ஆறுவது சினம்' என்று அகர வரிசையிலேயே போவதால், முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்தால் அடுத்த வரி தானாக வந்து நிற்கிறது. கர்நாடக இசை கற்றவர்களுக்கு, எழுத்துக்கு எண் கொடுக்கும் கடபயாதி முறை தெரியும்: மேசகல்யாணி என்ற பெயரில் 'ம' 5, 'ச' 6, திருப்பிப் போட்டால் 65, அதுவே மேளகர்த்தா ராக வரிசையில் அதன் எண். 72 எண்களைத் தனியே உருப்போடாமல் பெயருக்குள்ளேயே ஒளித்து வைத்தவர்கள் செய்ததும் இதே வேலைதான்.

கதை எப்படி இருக்கணும்? ஒண்ணு சொல்லிக் காட்டுங்களேன்.

'வலது', 'இடது' என்ற இரு எழுத்துகளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் மேலே இருப்பது ஒரே வடிவம்: ஒரு படுக்கைக் கோடும் அதைக் குறுக்கே வெட்டி இடப்பக்கம் இறங்கும் சாய்கோடும் சேர்ந்த, கையைக் குறிக்கும் உறுப்பு. அதன் கீழே வாய் இருந்தால் வலது. வாய்க்குப் போகும் கை எது என்று தமிழ் வீட்டில் வளர்ந்த யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கீழே வாய்க்குப் பதில் 'வேலை' என்ற உறுப்பு இருந்தால் இடது. இடக்கைக்கு என்ன வேலை என்று நான் விளக்குவதில்லை; வகுப்பு சிரித்து முடித்ததும் அடுத்த எழுத்துக்குப் போய்விடுவேன். இந்த இரண்டையும் மறந்த மாணவரை இதுவரை நான் பார்த்ததில்லை.

இன்னொன்று, 'கடல்'. இடப்பக்கம் மூன்று நீர்ச்சொட்டுகள், வலப்பக்கம் 'ஒவ்வொரு' என்னும் எழுத்து. ஒவ்வொரு ஞாயிறும் தண்ணீரைப் பார்க்க நாம் எங்கே போகிறோம்? மெரினாவுக்கு. கதை அவ்வளவுதான். ஒரே வாக்கியம், எல்லா உறுப்புகளும் அதில் பெயரோடு வர வேண்டும், கண்ணுக்குத் தெரியும் காட்சியாக இருக்க வேண்டும், கடைசியில் பொருளில் போய் முட்ட வேண்டும். அரைப்பக்கக் கதை எழுதிக்கொண்டு வருபவர்கள் கதையை நினைவில் வைத்திருப்பார்கள், எழுத்தைத் தொலைத்துவிடுவார்கள்.

ஜப்பான்ல சின்னப் பசங்களும் இப்படித்தான் படிக்கிறாங்களா?

பெரும்பாலும் கட்டம் போட்ட நோட்டில் எழுதி எழுதித்தான் படிக்கிறார்கள். தொடக்கப் பள்ளியின் ஆறு ஆண்டுகளுக்கு 1026 எழுத்துகள் வகுக்கப்பட்டுள்ளன. முதல் வகுப்பில் 80, இரண்டாம் வகுப்பில் 160, மூன்றாம் வகுப்பில் 200 என்று அது போகிறது. அவர்களுக்குச் சொல் ஏற்கெனவே வாயில் இருக்கிறது, தெருவெங்கும் எழுத்து கண்ணில் படுகிறது. முப்பது வயதில், ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போது படிப்பவருக்கு அந்த வசதி இல்லை.

ஆனாலும் எழுத்தைப் பிரித்து விளையாடுவது அவர்களிடமும் உண்டு. 'அரிசி' என்ற எழுத்தைப் பிரித்தால் எட்டு, பத்து, எட்டு என்று கிடைக்கும். அதை 88 என்று படித்து, 88 வயது நிறைவதை 'அரிசி விழா' என்றே கொண்டாடுகிறார்கள். நாம் எண்பதில் சதாபிஷேகம் செய்கிறோம். அவர்களுக்கு அரிசி இன்னும் எட்டு ஆண்டு தள்ளி வருகிறது.

கதையை இங்கிலீஷ்ல யோசிக்கணுமா, தமிழ்லயே யோசிக்கலாமா?

தமிழிலேயே யோசியுங்கள். கிடைக்கும் பட்டியல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால் பலர் அந்தச் சொற்களையே பிடித்துக்கொள்கிறார்கள். அதில் இழப்புதான் அதிகம். கன்ஜியில் அக்கா, தங்கை, அண்ணன், தம்பி நால்வருக்கும் நான்கு தனி எழுத்துகள். ஆங்கிலத்தில் இவற்றுக்கு 'மூத்த', 'இளைய' என்று ஒட்டுப் போட வேண்டும். நமக்குச் சொல் தயாராக இருக்கிறது. பெண்ணும் சந்தையும் சேர்ந்தால் அக்கா: சந்தைக்குப் பை எடுத்துக்கொண்டு போகுமளவு வளர்ந்தவள். பெண்ணும் 'இன்னும் இல்லை' என்ற எழுத்தும் சேர்ந்தால் தங்கை: இன்னும் வளராதவள்.

அதேபோல 'அட்சுயி' என்ற ஒரே ஒலியில் மூன்று எழுத்துகள் உள்ளன. ஒன்று சென்னையின் மே மாத வெக்கை, ஒன்று டீ கிளாஸின் சூடு, மற்றொன்று புத்தகத்தின் தடிமன். வெக்கை, சூடு என்று இரண்டு சொற்களை முதல் நாளே பிரித்து ஒட்டிவிட்டால் பின்னர் குழப்பம் வராது. ஒரு தமிழ்ச் சொல்லை ஓர் எழுத்துக்கு மட்டும் கொடுங்கள். 'பார்' என்பதை ஒன்றுக்குக் கொடுத்துவிட்டால், அடுத்து வருவதற்கு 'நோக்கு', அதற்கடுத்ததற்கு 'காண்'. இந்த இடத்தில் தமிழ் கைவிடாது.

நெட்ல ரெடிமேடா கதை கிடைக்குதே, அதையே எடுத்துக்கலாமா?

தொடக்கத்தில் முப்பது நாற்பது எழுத்துகளுக்கு எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு உங்கள் தெரு, உங்கள் வீடு, உங்கள் மேலாளர் ஆகியோர் வரும் கதைகளே நிற்கும். பனிச்சறுக்கும் பேஸ்பாலும் வரும் கதை அயனாவரத்துக்காரருக்கு இன்னொரு மனப்பாடப் பாடமாகிவிடும். என் கதைகளையும் அப்படியே எடுக்க வேண்டாம். நான் மயிலாப்பூரில் வளர்ந்தவள், என் கதைகளில் கோயில் கொஞ்சம் அதிகம்.

சென்செய் (டீச்சர்), எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. கோயில் எழுத்து எங்க பார்த்தாலும் வருது. எப்படிப் பிரிக்கிறது?

எல்லாரும் தடுக்கி விழும் இடம் இது. 'கோயில்' என்ற எழுத்து மேலே மண், கீழே அங்குலம் போன்ற பழைய அளவு ஒன்று, இரண்டும் சேர்ந்தது. அதை ஒரு முறை நன்றாகப் பிடித்துக்கொண்டு, வலப்பக்கம் அல்லது கீழே அதை நிறுத்தி, மீதியிருக்கும் உறுப்பை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம். நான் எல்லாவற்றையும் கபாலீஸ்வரர் கோயில் வாசலில் வைத்திருக்கிறேன்.

சூரியனும் கோயிலும் 'நேரம்': விடியற்காலை நடை திறக்கும் நேரம். கையும் கோயிலும் 'வைத்திரு': கையில் அர்ச்சனைத் தட்டு. நடப்பதைக் குறிக்கும் உறுப்பும் கோயிலும் 'காத்திரு': நடந்து வந்தாயிற்று, செருப்பு விடும் இடத்தில் அம்மாவுக்காக நிற்கிறோம். பேச்சும் கோயிலும் 'கவிதை': ஓதுவார் தேவாரம் பாடுகிறார். மனிதனும் கோயிலும் 'சாமுராய்': வாசலில் அசையாமல் நிற்கும் காவலர். மாடும் கோயிலும் 'சிறப்பு': கோபூஜை நடக்கும் நாள், சிறப்புக் கட்டணச் சீட்டு. மேலே மூங்கில், கீழே கோயில் என்றால் 'சமம்': மூங்கில் தடுப்புக்குள் வரிசையில் நின்றுவிட்டால் எல்லாரும் ஒன்றுதான். ஏழு எழுத்துகளும் ஒரே வாசலில் நிற்பதால், ஒன்றைப் பார்த்ததும் மற்றதோடு ஒப்பிட முடிகிறது. குழப்பும் எழுத்துகளைத் தள்ளித் தள்ளிப் படிப்பதைவிட ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதே நல்லது என்பது என் முடிவு.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். மொழிபெயர்ப்பாளராக வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஜப்பானிலிருந்து வரும் விருந்தினர்களுக்காக 'இங்கே காத்திருக்கவும்' என்று அட்டையில் கையால் எழுதி வரவேற்பறையில் வைத்தேன். நடக்கும் உறுப்பைப் போட வேண்டிய இடத்தில் கையைப் போட்டுவிட்டேன். வந்தவர்களில் ஒருவர் மிகுந்த மரியாதையோடு, இங்கே எதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று கேட்டார்.

ஒரு கோடு நீளம், ஒரு கோடு குட்டை, அதுக்கெல்லாம் கதையா?

அதற்குத்தான் கதை அதிகம் தேவை. தங்கையில் வந்த 'இன்னும் இல்லை' எழுத்து, மரத்தின் உச்சியில் ஒரு குட்டைக் கிளை போட்டது: கிளை இன்னும் வளரவில்லை. அதே கிளை நீளமாக இருந்தால் 'முடிவு': மரம் வளர்ந்து முடித்துவிட்டது. 'மண்' எழுத்தில் அடிக்கோடு நீளம், தரை அகலமானது. மேல்கோடு நீளமென்றால் அது 'வீரன்', தோள் அகலமானவன்.

அர்த்தம் எல்லாம் தெரியுது, ஆனா வாய்விட்டு வாசிக்க வரலை. கதை பொய்யா?

பொய்யில்லை, கதையிடம் அதன் வேலைக்கு மேல் எதிர்பார்க்கிறீர்கள். மேலே சொன்ன கதைகள் எல்லாம் வடிவத்திலிருந்து பொருளுக்குப் போகும் வழி மட்டுமே. ஒலி வேறு கணக்கு. பெரும்பாலான எழுத்துகளுக்குச் சீனத்திலிருந்து வந்த ஒலி ஒன்றும், ஜப்பானியச் சொல்லின் ஒலி ஒன்றும் உண்டு: மலை என்ற எழுத்து தனியே நின்றால் 'யமா', 'ஃபுஜி' மலையின் பெயரோடு சேர்ந்தால் 'சன்'. 'உயிர்' என்ற எழுத்தோ 'சே', 'ஷோ', 'இகிரு', 'உமாரெரு', 'ஹாயெரு', 'நமா' என்று இடத்துக்கு இடம் மாறும். ஆறு ஒலிக்கும் ஆறு கதை கட்ட உட்கார்ந்தவர்கள் பாதியில் எழுந்து போயிருக்கிறார்கள். ஒலிகளைப் பட்டியலாகப் படிக்காமல், ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு சொல்லைப் படியுங்கள். மாணவரைக் குறிக்கும் 'கக்குசே' தெரிந்தால் 'சே' தெரிந்துவிட்டது.

ஒலிக்கும் ஒரு குறுக்குவழி எழுத்துக்குள்ளேயே இருக்கிறது. பெரும்பாலான கன்ஜிகளில் ஓர் உறுப்பு பொருளின் வகையைச் சொல்லும், மற்றொன்று ஒலியைக் கொடுக்கும். 'நீலம்' என்ற எழுத்தின் ஒலி 'சே'. சூரியனோடு சேர்ந்து தெளிந்த வானிலையானாலும், நீரோடு சேர்ந்து தூய்மையானாலும், பேச்சோடு சேர்ந்து வேண்டுகோளானாலும் ஒலி 'சே'தான். ஆனால் உள்ளத்தோடு சேர்ந்து உணர்வானால் பெரும்பாலும் 'ஜோ'. கோயில் குடும்பத்திலும் நேரம், வைத்திரு, சாமுராய் மூன்றும் 'ஜி', கவிதை 'ஷி', காத்திரு 'தாய்'. முழுக்க நம்ப முடியாது, இருந்தாலும் தெரியாத எழுத்தை ஊகிக்க நல்ல துணை.

ஜப்பான் சொல்லு தமிழ்ச் சொல்லு மாதிரியே கேட்குதே, அதை வச்சுக் கதை கட்டலாமா?

தாராளமாக. இதில் சென்னைக்காரர்களுக்கு அதிர்ஷ்டம் அதிகம். வாய் 'குச்சி': வாயில் வேப்பங்குச்சி. கால் 'அஷி': காலில் விழுந்தால் ஆசி. ஊர் 'மச்சி': ஊரெல்லாம் மச்சிகள். ஆறு 'கவா': நம் ஊரில் ஆறு காவாய் ஆனதை யாரும் விளக்க வேண்டாம். குதிரை 'உமா', எருது 'உஷி'. எருதுக்கு ஊசி போட வந்த கால்நடை மருத்துவர் உமா குதிரையில் வந்தார் என்று ஒரு மாணவி இரண்டையும் ஒரே வரியில் முடித்தாள்.

ஓர் எச்சரிக்கை உண்டு. அவர்கள் 'குச்சி'யில் ச் அழுத்தம் இல்லை, 'அஷி'யில் அகரம் குறில். ஜப்பானிய மொழியில் ஒற்று இரட்டித்தாலும் உயிர் நீண்டாலும் பொருள் மாறிவிடும்: 'ஒபசன்' அத்தை, 'ஒபாசன்' பாட்டி. கதை ஒலியின் பக்கத்தில் கொண்டுபோய் விடும். சரியான ஒலியைக் காதால் கேட்டுத்தான் திருத்திக்கொள்ள வேண்டும்.

இந்தக் கதையெல்லாம் நிஜமா? எழுத்து இப்படித்தான் உருவாச்சா?

சில நிஜம். மனிதனும் மரமும் ஓய்வு என்பது உண்மையான தோற்றமே. மலை, மேல், கீழ் மூன்றையும் சேர்த்துக் 'கணவாய்' என்ற எழுத்தை உருவாக்கியவர்கள் ஜப்பானியர்களே. சீனம் அதைத் தரவில்லை. ஆனால் டோக்கியோவின் முதல் எழுத்தான 'கிழக்கு', மரத்தின் பின்னால் உதிக்கும் சூரியன் என்று பலரும் சொல்வது பிற்கால விளக்கம். எலும்பில் பொறிக்கப்பட்ட பழைய சீன எழுத்துகளில் அது இருபுறமும் கட்டிய மூட்டையின் படம். ஒலிக்காகக் கடன் வாங்கப்பட்டது. 'பெற்றோர்' எழுத்து, மரத்தின் மேல் நின்று பிள்ளை வருகிறதா என்று பார்ப்பவர் என்பது ஜப்பானியர்களே சொல்லும் அழகான கதை; அதன் இடப்பாதி உண்மையில் ஒலிக்கானது. எங்கள் கோயில் எழுத்தும் முதலில் அரசு அலுவலகத்தைத்தான் குறித்தது.

நினைவுக்கதையை வரலாறு என்று பிறருக்குச் சொல்லாமல் இருந்தால் போதும். என் நோட்டில் வரலாற்றை நீல மையிலும் என் கற்பனையைப் பென்சிலிலும் எழுதுகிறேன்.

ஜேஎல்பிடி பரீட்சைக்கு இது உதவுமா?

ஜூலையிலும் டிசம்பரிலும் சென்னையிலேயே நடக்கும் அந்த ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும், எழுத்தை வரைய வேண்டியதில்லை. கொடுக்கப்படும் நான்கு விடைகளில் மூன்று, கோயில் குடும்பம் போல ஒன்றுக்கொன்று உடன்பிறந்தவையாக இருக்கும். அங்கே கதை கைகொடுக்கும். 2009 வரையிலான பழைய நான்கு நிலைகளில் கன்ஜிகளின் அளவு ஏறத்தாழ 100, 300, 1000, 2000 என்று இருந்தது. 2010இல் ஐந்து நிலைகளான பிறகு அதிகாரபூர்வப் பட்டியல் வெளியிடப்படுவதில்லை. கடைகளில் விற்கும் பட்டியல்கள் மதிப்பீடுகளே. சொல்லும் இலக்கணமும் கேட்டலும் இல்லாமல் கன்ஜி மட்டும் படித்து யாரும் தேறியதில்லை.

ஒரு நாளைக்கு எத்தனை எழுத்து படிக்கலாம்?

ஐந்து. ஐந்து வீதம் போனால் 2136 எழுத்துகளுக்கு ஏறக்குறைய 14 மாதம். முதல் வாரம் இருபது படித்துவிட்டு மூன்றாம் வாரம் காணாமல் போகிறவர்களைப் பார்த்தே இந்த எண்ணைச் சொல்கிறேன். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தன்னையே சோதித்த ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ், 1885இல் வெளியிட்ட நூலில் மறதி முதல் சில மணி நேரத்திலேயே மிக வேகமாக நடக்கிறது என்று காட்டினார். கதை அந்த அசைக்குப் பொருள் கொடுக்கிறது. மறுபார்வை மறதியை மறிக்கிறது. மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து என்று இடைவெளியை நீட்டிக்கொண்டே போங்கள். 'அன்கி' என்ற செயலி இந்தக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும். அந்தப் பெயருக்கே ஜப்பானிய மொழியில் மனப்பாடம் என்று பொருள்.

போன்ல டைப் பண்ணிட்டா போதாதா? எழுதிப் பார்க்கணுமா?

ஒவ்வொன்றையும் ஐந்து முறையாவது எழுதுங்கள், கதையை வாயால் சொல்லிக்கொண்டே. கோட்டின் வரிசையும் முக்கியம். முன்பு சொன்ன வலது, இடது இரண்டிலும் மேலுறுப்பு ஒன்றுபோலத் தெரிந்தாலும், வலதில் சாய்கோடு முதலில், இடதில் படுக்கைக்கோடு முதலில்.

எனக்குக் கதையே வரலை. 'இருந்து, கொண்டு' மாதிரி எழுத்துக்கெல்லாம் என்ன கதை?

விட்டுவிடுங்கள். அதற்கும் இழுத்துப் பிடித்து ஒரு கதை கட்டலாம், மறுவாரம் நிற்காது. இத்தகைய எழுத்துகள் கூட்டுச்சொற்களில் அடிக்கடி வரும். நீங்கள் கேட்ட எழுத்தின் ஒலி 'இ': 'இஜோ' என்றால் 'அதுவும் அதற்கு மேலும்', 'இகா' என்றால் 'அதுவும் அதற்குக் கீழும்'. லிப்ட் எடை அறிவிப்பு, வயது வரம்பு, தள்ளுபடிச் சீட்டு என்று பத்து இடங்களில் பார்த்தால் கதை இல்லாமலே ஒட்டிக்கொள்ளும்.

ஒவ்வொரு எழுத்துக்கும் மனசுல கதை ஓடுது, அதனால வேகமா வாசிக்க முடியலை. என்ன பண்றது?

ஒன்றும் செய்ய வேண்டாம். எந்த மாதத்துக்கு 31 நாள் என்று விரல் முட்டிகளில் எண்ணிப் பழகியவர்கள் இன்று ஜூலைக்கு முட்டியைத் தேடுவதில்லை. பிப்ரவரி பக்கம் சந்தேகம் வந்தால் கை தானாக மூடிக்கொள்கிறது. அடிக்கடி பார்க்கும் எழுத்தின் கதை தானே உதிர்ந்துவிடும். உதிர்ந்த கதையைத் திரும்பப் படிக்கவும் வேண்டாம், அட்டையில் ஒரு கோடு போட்டு அடித்துவிடுங்கள். என் பழைய நோட்டில் பாதிக்கு மேல் அடித்தாயிற்று. செருப்பு விடும் இடத்தில் அம்மாவுக்காக நிற்பதை மட்டும் இன்னும் அடிக்கவில்லை. அந்த எழுத்தைக் கையால் எழுதும்போது இப்போதும் ஒரு நொடி நின்று, கையா நடையா என்று பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.